மயக்க ஊசியும் வலி நிவாரணமும்: வேலூர் வட்டாரக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்டது. ஆனால் குடியாத்தத்தில் பயிற்சி வைத்தாலும் ஆற்காட்டில் வைத்தாலும் டீ இடைவேளையில் வரும் சந்தேகங்கள் அதேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

கொடுத்திருக்கும் அளவுகள் மற்றபடி நலமாக இருக்கும் விலங்குக்கானவை. ரத்தசோகை, காய்ச்சல், நீர்வற்றல், முதுமை இருந்தால் குறைக்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர்களுக்காக எழுதிய பக்கம் இது. மாடு வளர்ப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம், ஊசியை மட்டும் தாங்களே போட வேண்டாம்.

1. "சைலசின் போட்டு மாடு படுத்துடுச்சுன்னா அறுக்கலாம்தானே சார்? எதுக்குத் தனியா லோக்கல்?"

படுப்பது வேறு, மரத்துப்போவது வேறு. சைலசினால் வரும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். அது தரும் வலி குறைப்போ கால் மணி முதல் அரை மணி நேரம்தான், அதுவும் கத்தியைத் தாங்கும் அளவுக்கு இருக்காது. தலையைத் தொங்கப் போட்டு எச்சில் ஒழுகக் கிடக்கும் மாடு, தோலில் கத்தி பட்டதும் எட்டி உதைப்பதற்குக் காரணம் இதுதான். உதைக்கவில்லை என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. நாடியில் விரலை வைத்துப் பாருங்கள், வெட்டும்போது ஏறும்.

அடக்குவதற்குச் சைலசின், மரக்கவைப்பதற்கு லிக்னோகைன் (கேள்வியில் வந்த 'லோக்கல்' இதுதான்), மரப்பு தெளிந்த பிறகு வரும் வலிக்கு மெலாக்சிகாம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கீழே வரும் கேள்விகளில் பாதி, ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்த்ததால் வந்தவை.

2. "எடை மெஷின் இல்லாத ஊர்ல எடையை எப்படிச் சொல்றது?"

மாட்டுக்கு டெய்லர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க உட்கார் எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 66, நீளம் 58 என்றால் ஏறக்குறைய 383 கிலோ. நிறைமாதச் சினை மாட்டுக்கு இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது.

ஆட்டுக்குட்டியைச் சாக்கில் போட்டு ஸ்பிரிங் தராசில் தொங்கவிடலாம். நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய மாட்டில் 20 கிலோ தப்பினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 4 கிலோ குட்டியில் 1 கிலோ தப்பினால் அளவு கால் பங்கு தப்பிவிடும்.

3. "ஒரே பாட்டில்தானே, மாட்டுக்கும் குதிரைக்கும் ஆட்டுக்கும் அளவு ஏன் இவ்ளோ மாறுது?"

அசை போடும் விலங்குகளுக்குச் சைலசின் மிகக் கூர்மையாக வேலை செய்யும். குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ மாட்டுக்குப் போதும். நம்மிடம் பெரும்பாலும் கிடைப்பது 1 மி.லி.யில் 20 மி.கி. உள்ள வயல் (மருந்துக் குப்பி). லேபிளில் ஹைட்ரோகுளோரைடு கணக்கில் 23.32 என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். இந்த வயலில் 350 கிலோ குதிரைக்கு நரம்பு வழி 1.1 மி.கி./கிலோ என்றால் 19 மி.லி. அதே எடை மாடு நின்றபடி அடங்க 0.05 மி.கி./கிலோ போதும், அது 0.9 மி.லி.தான். தசையில் போட்டால் அதைப் போல இரண்டு பங்கு. 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள குதிரை வயலும் உண்டு. அதைத் தெரியாமல் மாட்டுக்கு எடுத்தால் ஐந்து மடங்கு ஏறிவிடும். எழுதும்போதும் சொல்லும்போதும் மி.லி.யில் சொல்லாமல் மி.கி.யில் சொல்லிப் பழகினால் இந்தத் தப்பு வராது.

ஆடு இன்னும் நுட்பம். 20 கிலோ ஆட்டுக்குத் தசையில் 0.05 மி.கி./கிலோ என்றால் மொத்தம் 1 மி.கி., அதாவது 0.05 மி.லி. நாற்பது யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு கோடு. சாதாரண 2 மி.லி. சிரிஞ்சில் இதை அளக்க முடியாது, நீடிலுக்குள் தங்குவதே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அதனால் அரை மி.லி. மருந்தோடு 4.5 மி.லி. நார்மல் சலைன் சேருங்கள். இப்போது 1 மி.லி.யில் 2 மி.கி. இருக்கிறது, ஆட்டுக்குத் தேவை அரை மி.லி. கலந்த சிரிஞ்சில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயரும் செறிவும் எழுதிவையுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

நிறைமாதச் சினைக்கு வேண்டாம், கருப்பையை இறுக்கும். மூத்திரம் அடைத்துக்கொண்ட கிடாவுக்கும் வேண்டாம், சைலசின் மூத்திரத்தைப் பெருக்கும், போக வழியில்லை என்றால் பை வெடிக்கும். செம்மறியிலும் வெள்ளாட்டிலும் நுரையீரலில் நீர் கோர்ப்பதும் உண்டு. நரம்பு வழி வேகமாகத் தள்ளினால் அந்த ஆபத்து கூடும்.

4. "ஊசி போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு, காளை அடங்கல. இன்னொரு டோஸ் போட்டுடலாமா?"

தை மாதம் எருது விடும் விழா தொடங்கியதும் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும். ஓடி மிரண்டு வந்த காளையின் உடம்பு முழுக்க அட்ரினலின். அந்த நிலையில் சைலசின் சரியாகப் பிடிக்காது. மேலும் மேலும் போட்டுக்கொண்டே போனால், காளை ஆறியதும் போட்டது அத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்து மூச்சு நின்றுபோகும் அளவுக்கு விழுந்துவிடும்.

முதல் ஊசிக்கு முன்பே கூட்டத்தை விலக்குங்கள், நிழலில் கட்டுங்கள், கண்ணைத் துணியால் மூடுங்கள், அரை மணி நேரம் விடுங்கள். தசையில் போட்டால் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் தொடாமல் சத்தமில்லாமல் காத்திருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் முதல் அளவில் பாதிக்கு மேல் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையிலிருந்து வண்டியில் வந்திறங்கிய மாட்டுக்கும் இதே பேச்சுதான். அவசரம் இல்லையென்றால் ஒரு நாள் தண்ணீரும் தீவனமும் கொடுத்து, மறுநாள் காலை வைத்துக்கொள்ளுங்கள்.

5. "ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் பட்டினி?"

படுக்கவைத்துச் செய்யும் வேலை என்றால் வளர்ந்த மாட்டுக்குத் தீவனம் 24 மணி நேரமும் தண்ணீர் 12 மணி நேரமும் நிறுத்தலாம். ஆட்டுக்குத் தீவனம் 12 முதல் 18 மணி நேரம். பால் மட்டும் குடிக்கும் கன்று, குட்டிகளுக்கு ஓரிரண்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் சர்க்கரை இறங்கிவிடும். நாய்க்கு 6 முதல் 8 மணி நேரம், எட்டு வாரத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டிக்கு ஒரு மணி நேரம் போதும். நின்றபடி செய்யும் அவசரச் சீசேரியனுக்குப் பட்டினி பார்க்க வேண்டியதில்லை.

"கட்டிப்போட்டோம் சார், எதுவும் போடலை" என்பார்கள். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

6. "படுக்கவெச்சதும் வயிறு உப்பிக்குது. எந்தப் பக்கம் படுக்கவெக்கணும்?"

முடிந்தால் நெஞ்சு தரையில் படும்படி உட்காரவையுங்கள். பக்கவாட்டில்தான் படுக்க வேண்டும் என்றால் கழுத்துக்கு அடியில் வைக்கோல் நிரப்பிய சாக்கை வையுங்கள். பிடரி உயரமாகவும் வாய் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும், எச்சிலும் எதிர்த்து வரும் தீவனச் சாறும் வெளியே வழியும். வாய் மேல்நோக்கி இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். முழு மயக்கம் என்றால் மூச்சுக்குழலில் குழாய் போட்டு அதன் பலூனை ஊதாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

மருந்து ஏப்பத்தை நிறுத்திவிடும், நொதிப்பு நிற்காது. அதனால்தான் உப்பல். இடது விலாக்குழி மேலே எழும்பி, மூச்சு சின்னதாகி வேகமானால் வேலையை நிறுத்திவிட்டு வாய்வழி வயிற்றுக்குழாய் விடுங்கள்.

7. "கன்னுக்குக் கொம்பு சுட ஊசி அவசியமா? ரெண்டு நிமிஷ வேலைதானே?"

சுடுவது இரண்டு நிமிடம், எரிச்சல் ஒரு நாளுக்கு மேல். கண்ணின் வெளிமூலைக்கும் கொம்புக் குருத்துக்கும் நடுவில் ஒரு எலும்பு விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கடியில், பக்கத்துக்கு 3 முதல் 5 மி.லி. 2 சதவீத லிக்னோகைன். உறிஞ்சிப் பார்த்து, ரத்தம் வரவில்லை என்றால் மட்டும் செலுத்துங்கள். பிறகு பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் காத்திருப்பதில்லை. நான்கு கன்று இருந்தால் நான்குக்கும் வரிசையாக ஊசி போட்டுவிட்டு முதல் கன்றுக்குத் திரும்புங்கள், நேரம் வீணாகாது. குருத்தைச் சுற்றி நீடிலால் குத்திப் பாருங்கள், தலையை இழுத்தால் மரக்கவில்லை. கூடவே மெலாக்சிகாம் 0.5 மி.கி./கிலோ.

விழாவில் கொம்பு முறிந்து வரும் காளைக்கு இது மட்டும் போதாது. அதே இடத்தில் 10 மி.லி., அதோடு கொம்பின் பின்பக்கத்தில் கழுத்திலிருந்து வரும் நரம்புகளுக்காக அரை வட்டமாகவும் போட வேண்டும். வளர்ந்த மாட்டில் கொம்பின் உள்ளே இருக்கும் பொந்து நெற்றி எலும்புப் பொந்தோடு சேர்ந்தது. முறிவு வழியாக மூச்சுக்காற்று வருவதைக் கையை வைத்தாலே உணரலாம். உள்ளே மருந்துத் தண்ணீர் பீய்ச்சாமல் மூடிக் கட்டுங்கள்.

8. "ஆட்டுக்குட்டிக்கும் அதே மாதிரிதான் போட்டேன். இழுத்துக்கிட்டுச் செத்துடுச்சு. மருந்து டூப்ளிகேட்டா?"

மருந்தில் குறையில்லை, அளவு கூடிவிட்டது. 2 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 20 மி.கி. வெள்ளாட்டுக்கு மொத்த வரம்பு 5 மி.கி./கிலோ என்று வையுங்கள். 4 கிலோ குட்டிக்கு ஒரே ஒரு மி.லி.யோடு வரம்பு முடிந்தது. கன்றுக்குப் போடுவதுபோல் பக்கத்துக்கு 3 மி.லி. போட்டால் ஆறு மடங்கு.

இன்னொரு சிக்கல், ஆட்டுக் கொம்புக்குப் பக்கத்துக்கு இரண்டு நரம்பு. ஒன்று கண்ணுக்கு மேல்பின்புறம் எலும்பு விளிம்பின் அடியில், மற்றொன்று கண்குழியின் மேல்உள்விளிம்பில். ஆக நான்கு இடம். அந்த 1 மி.லி.யோடு 1 மி.லி. நார்மல் சலைன் சேர்த்தால் 1 சதவீதத்தில் 2 மி.லி. கிடைக்கும், இடத்துக்கு அரை மி.லி. சரியாக வந்துவிடும். உதடு துடிப்பு, கழுத்து பின்னால் வளைவு, இழுப்பு என்று தெரிந்தால் இழுப்பை அடக்க டயாசிபாம் 0.2 முதல் 0.5 மி.கி./கிலோ நரம்பு வழி, ஆக்சிஜன்.

சூட்டுக்கோலிலும் கவனம் வேண்டும். குட்டியின் மண்டையோடு மெல்லியது. நன்றாகச் சிவக்கக் காய்ந்த கோலைச் சில நொடி வைத்து எடுக்க வேண்டும். சூடு பற்றாத கோலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடு மூளைக்கு இறங்கும். இரண்டு நாள் கழித்துக் குட்டி தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

9. "வால்ல போடுற ஊசி எனக்கு மட்டும் பிடிக்கவே மாட்டேங்குது."

கர்ப்பப்பை வெளியே வந்த மாடு முக்கிக்கொண்டே இருக்கும்போது இந்த ஊசி (எபிடியூரல்) இல்லாமல் உள்ளே தள்ளுவது கைக்கும் கேடு, மாட்டுக்கும் கேடு. வாலைப் பம்ப் அடிப்பதுபோல் மேலும் கீழும் ஆட்டுங்கள். நன்றாக அசையும் முதல் மூட்டுதான் இடம். முடியை மழித்து, சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டுத் துடையுங்கள். 18 கேஜ், ஒன்றரை அங்குல நீடிலைச் சரியாக நடுக்கோட்டில், முன்பக்கமாகச் சாய்த்து விடுங்கள். நீடிலின் மொட்டில் ஒரு துளி லிக்னோகைன் வைத்திருந்தால், சரியான இடத்துக்குப் போனதும் அந்தத் துளி உள்ளே உறிஞ்சப்படும். மருந்து தடையில்லாமல் ஓடும். தள்ளும்போது கட்டைவிரல் வலித்தால் நீங்கள் தசைநாரிலோ எலும்பிலோ இருக்கிறீர்கள், சற்றுப் பின்வாங்கித் திசை மாற்றுங்கள்.

350 கிலோ மாட்டுக்கு 2 சதவீதத்தில் 4 முதல் 5 மி.லி. போதும். ஐந்து நிமிடத்தில் வால் துணிபோலத் தொங்கும், மரப்பு ஒரு மணிக்கு மேல் நிற்கும். வால் தொங்கவில்லையே என்று 10, 15 என்று ஏற்றினால் பின்னங்கால் போய்விடும். சிமென்ட் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிய மாட்டைத் தூக்குவதற்கு எந்த ஊசியும் இல்லை. போட்ட இடத்தில் முன்பு சீழ் வைத்திருந்தாலோ, பலமுறை குத்தியிருந்தாலோ பிடிக்காமல் போகலாம், ஒரு மூட்டு தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

10. "சீசேரியனுக்கு எது நல்லது, வெட்டுற கோட்டிலயே போடுறதா, முதுகெலும்பு பக்கமா?"

கைப்பழக்கம் உள்ளதே நல்லது. இடது விலாவில் நின்றபடி செய்வதற்கு, கடைசி விலாவின் பின்விளிம்பிலும் முதுகுச் சதையின் கீழ்விளிம்பிலும் தலைகீழ் 'ட' போல ஊசிகளைப் போடலாம். கற்றுக்கொள்ள எளிது, வெட்டும் இடத்தில் மருந்து தேங்காது, காயம் நன்றாக ஆறும். ஆனால் 80 முதல் 100 மி.லி. வரை போகும், அதாவது 30 மி.லி. வயல் மூன்று. 350 கிலோ மாட்டுக்கு 100 மி.லி. என்பது 5.7 மி.கி./கிலோ, வரம்பின் விளிம்பு. சின்ன மாட்டுக்கு 1 சதவீதமாக நீர்த்துக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பு பக்கம் என்றால் பதின்மூன்றாம் மார்பு நரம்பு, முதல் இரண்டு இடுப்பு நரம்பு, ஒவ்வொன்றுக்கும் 20 மி.லி. வயிற்றுச் சுவர் முழு ஆழத்துக்கும் மரக்கும், சதை தளரும், உள்சவ்வை வெட்டும்போதும் மாடு முனகாது. பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம், அந்தப் பக்கத் தோல் வெதுவெதுப்பாகும். கொழுத்த மாட்டில் இடம் கண்டுபிடிப்பது சிரமம். எது போட்டாலும் சைலசின் கூடவே வேண்டாம், காரணம் 3-இல் இருக்கிறது. இங்கே கூடுதலாக, மாடு பாதியில் படுத்துவிட்டால் திறந்த வயிறு சாணத்தில் இருக்கும்.

11. "அட்ரினலின் கலந்த லிக்னோகைன் வாங்கி வெச்சிட்டேன். எங்கெல்லாம் போடக்கூடாது?"

காம்பு, காது நுனி, வால், விரல் ஆகிய இடங்களில் ரத்தம் தடைப்பட்டுச் சதை அழுகும். நரம்பு வழி எப்போதும் கூடாது. விலாவில், தடித்த தோலில் போடலாம்.

12. "சைலசினுக்கு முன்னாடி அட்ரோபின் கட்டாயம்னு படிச்சோமே?"

அட்ரோபின் எச்சிலைக் குறைக்கவும் இதயத் துடிப்பை ஏற்றவும் போடும் மருந்து. அசை போடும் விலங்குக்குப் பழக்கமாகப் போட வேண்டியதில்லை. எச்சிலை நிறுத்தாது, கெட்டியாக்கும், குடலையும் நிறுத்தி உப்பலைக் கூட்டும். நாயிலும் இன்று அந்த வழக்கம் குறைந்துவிட்டது. சைலசின் முதலில் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது, அதற்கு ஈடாகத்தான் இதயம் மெதுவாகிறது. அந்த நேரத்தில் அட்ரோபின் கொடுத்தால் ஏறிய அழுத்தத்துக்கு எதிராக இதயத்தைச் சாட்டையால் அடிப்பதுபோல. அழுத்தம் இறங்கி, துடிப்பும் இறங்கினால் மட்டும் கையில் எடுங்கள்.

13. "மாத்து மருந்து இருக்கா?"

சைலசினை முறிக்க யோஹிம்பின் 0.125 மி.கி./கிலோ, மெதுவாக நரம்பு வழி. டோலாசோலின், அடிபாமெசோல் என்பவையும் உண்டு. இது கையில் இல்லாமல் ஆட்டுக்குச் சைலசின் போடத் துணிவது எங்களுக்குச் சம்மதமில்லை. நாய்க்கு மயக்க மருந்தான கெட்டமினோடு சேர்த்துப் போட்டிருந்தால் அரை மணி முதல் முக்கால் மணி வரை மாற்று மருந்து வேண்டாம். சைலசின் மட்டும் விலகி, கெட்டமின் தனியாக நின்றால் நாய் விறைத்து அலறும். சைலசின் விலகும்போது அது தந்த கொஞ்சநஞ்ச வலி நிவாரணமும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

14. "தெரு நாய் கருத்தடைக்குக் கெட்டமின், சைலசின் ரெண்டும் போதும்தானே? ஒரு நாளைக்கு இருபது நாய் சார்."

இருபது நாய் என்பதால்தான் மலிவான வழியைச் சொல்கிறோம். ஆண் நாய்க்கு ஒவ்வொரு விதையின் நடுவிலும் லிக்னோகைன் செலுத்துங்கள், 10 கிலோ நாய்க்கு இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.லி.க்கு மேல் வேண்டாம். இதற்கு ஆகும் செலவு சில ரூபாய், கயிற்றைக் கட்டும்போது நாய் மூச்சைப் பிடித்துக்கொள்வது நின்றுவிடும். பெண் நாய்க்கு வெட்டும் கோட்டிலும் சினைப்பைக் கயிற்றின் மேலும் அதே வரம்புக்குள் பிரித்துப் போடலாம். வலி மருந்தான பியூட்டார்பனால் 0.2 முதல் 0.4 மி.கி./கிலோ முன்னதாக, மெலாக்சிகாம் 0.2 மி.கி./கிலோ தோலடியில். மெலாக்சிகாமை வெட்டி முடித்த பிறகு போடுவதைவிட முன்பே போடுவது பலன் தரும், ரத்தப்போக்கோ நீர்வற்றலோ இருந்தால் மட்டும் தள்ளிவையுங்கள்.

கெட்டமினில் கண் திறந்தே இருக்கும். கண் களிம்பு போடாவிட்டால் விழி காய்ந்து புண்ணாகும். தெருவுக்குத் திரும்பப் போகிற நாய்க்கு அதைப் பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

15. "மானிட்டர் கிடையாது. எதைப் பார்த்து ஆழம் தெரிஞ்சிக்கிறது?"

ஒருவர் கத்தி, ஒருவர் நாடி. இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தால் இரண்டும் நடக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பு, மூச்சு, ஈறின் நிறம், ஈறை அழுத்தி விட்டால் நிறம் திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். நிறம் இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டும். மூச்சு வழி கொடுக்கும் மயக்க ஆவியான ஐசோஃபுளூரேனில் விழி கீழே சுழன்று இமைத் துடிப்பு அடங்கியிருந்தால் நல்ல ஆழம். விழி நடுவுக்கு வந்து, கண்பாப்பா விரிந்து, தாடை தொளதொளவென்று இருந்தால் மிக ஆழம், ஆவியைக் குறையுங்கள். கெட்டமினில் இந்த விழிக்கணக்கு செல்லாது, தாடை இறுக்கத்தைப் பாருங்கள்.

காசு சேர்ந்தால் முதலில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர். நாய் நாக்கில் ஈரத் துணி வைத்து மாட்டுங்கள். 95-க்குக் கீழே போனால் காரணம் தேடுங்கள், 90 என்றால் வேலையை நிறுத்துங்கள்.

16. "சித்திரை வெயில்ல எங்க ஊர்ல ஆபரேஷன் பண்ணலாமா?"

காலை எட்டுக்குள் முடியுங்கள். சைலசின் போட்ட மாட்டுக்கு உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறைந்துவிடும், வேலூர் வெயிலில் 40 டிகிரிக்கு மேல் தகரக் கொட்டகையில் கிடத்தினால் மருந்தைவிட வெயில் முந்திக்கொள்ளும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஐந்து நிமிடம் ஆக்சிஜன் கொடுத்த பிறகே மயக்கம். குழாயை நாய் விழுங்கி, மெல்ல ஆரம்பித்த பிறகே எடுக்க வேண்டும்.

இதே சித்திரையில் ஏ.சி. அறையில் ஸ்டீல் மேசையில் கிடக்கும் 2 கிலோ நாய்க்குட்டி குளிர்ந்துபோய் எழாமல் கிடப்பதும் உண்டு. அடியில் செய்தித்தாள், மேலே குமிழித்தாள், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்.

17. "இதயம் நின்னுட்டா?"

மருந்தை நிறுத்துங்கள், அமுக்க ஆரம்பியுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உள்ளே போக வேண்டும், ஒவ்வொரு முறையும் முழுதாக எழவிட வேண்டும். குழாய் இருந்தால் நிமிடத்துக்கு 10 மூச்சு, அமுக்குவதை நிறுத்தாமல். குழாய் இல்லை என்றால் 30 அமுக்கலுக்கு மூக்கு வழி 2 ஊதல். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், கை சோர்ந்தவருக்குத் தான் சோர்ந்தது தெரியாது. அட்ரினலின் 0.01 மி.கி./கிலோ, மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. 1 மி.கி. ஆம்பூலோடு 9 மி.லி. சலைன் சேர்த்தால் 10 கிலோவுக்கு 1 மி.லி. இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டிவையுங்கள், அந்த நேரத்தில் மனக்கணக்கு வராது.

18. "மாட்டுக்கு வலிக்குதுன்னு எப்படித் தெரியும்? அது கத்தவே இல்லையே."

மாடு வலியை மறைக்கும். பல் கடிக்கும் சத்தம், பின்னால் மடங்கிய காது, தோளுக்குக் கீழே தொங்கும் தலை, வளைந்த முதுகு, குறைந்த அசை, மந்தையிலிருந்து விலகி நிற்பது, தன் வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது. பிரேசிலில் உருவான போட்டுகாட்டு அளவுகோல் நடை, பிற மாடுகளோடு பழகுவது, சுறுசுறுப்பு, தீனி, இதர அடையாளங்கள் என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தருகிறது. பத்தில் 4-ஐத் தாண்டினால் வலி மருந்து. நாய்க்குக் கிளாஸ்கோ சுருக்க வலிப் படிவத்தில் 24-க்கு 6 வந்தால். எண்ணைவிட, ஒரே ஆள் காலையும் மாலையும் பார்த்து எழுதுவது முக்கியம். பால்காரம்மாவிடம் கேளுங்கள், "இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்பது பல நேரம் படிவத்தை முந்திவிடும்.

19. "மெலாக்சிகாம் கேக்கவே மாட்டேங்குது, டைக்ளோஃபினாக்தான் சட்டுனு கேக்கும். ஏன் தடை?"

முதலில் நீங்கள் போட்ட அளவைப் பாருங்கள். 350 கிலோ மாட்டுக்கு 175 மி.கி. வேண்டும். 1 மி.லி.யில் 5 மி.கி. உள்ள வயலில் அது 35 மி.லி. பழக்கத்தில் 15 மி.லி. போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்லக் கூடாது. 1 மி.லி.யில் 20 மி.கி. உள்ள செறிவான வயல் வாங்கினால் 9 மி.லி.க்குள் முடிந்துவிடும்.

டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. அதனால் 2006-இல் கால்நடைக்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய வயலை மாட்டுக்குத் திருப்பிவிட்டதால் 2015-இல் வயல் அளவு 3 மி.லி.யாகச் சுருக்கப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. நம் பக்கத்தில் கழுகு ஏது என்று கேட்காதீர்கள், இங்கே விற்கும் மாடு, கழுகுகள் வாழும் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போய்ச் சாகலாம். கழுகுக்குத் தீங்கில்லை என்று தெளிவானவை மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும்.

டெக்சாமெத்தசோனோடு சேர்த்து மெலாக்சிகாம் வேண்டவே வேண்டாம், வயிற்றில் புண் வரும். நீர்வற்றிய மாட்டுக்கு முதலில் டிரிப். பாலை எத்தனை நாள் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதை லேபிளைப் பார்த்து, மாட்டுக்காரர் கையில் எழுதிக் கொடுங்கள்.

20. "பூனைக்குக் கொஞ்சமா பாரசிட்டமால்?"

கொஞ்சம்கூட வேண்டாம். பூனையால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. ஈறு சாக்லேட் நிறமாகி, முகம் வீங்கிச் சாகும்.

21. "நான் கால்நடை ஆய்வாளர். டாக்டர் போன்ல சொன்னா மயக்க ஊசி போடலாமா?"

1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி சிகிச்சை பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. மாநில அரசு ஆணையின்படி, மருத்துவரின் மேற்பார்வையில் சின்னச் சின்னச் சிகிச்சைகளை மற்றவர் செய்யலாம். மயக்க ஊசியை அந்தச் சின்னப் பட்டியலில் நாங்கள் சேர்க்க மாட்டோம். மூச்சு நின்றால் போன் உதவாது. கெட்டமின் 2013 முதல் எக்ஸ் அட்டவணை (கடும் கட்டுப்பாடு உள்ள) மருந்து. பூட்டிய அலமாரி, இருப்பு ஏடு, உடைந்த வயலுக்கும் கணக்கு.

22. "விழாவுக்கு முன்னாடி நொண்டுற காளைக்கு வலி ஊசி கேக்குறாங்க. போடலைன்னா வேற ஆளைக் கூப்பிடுவாங்க."

கூப்பிடட்டும். வலி என்பது அந்தக் காலை ஊன்றாதே என்ற எச்சரிக்கை. அதை அடக்கி ஓடவிட்டால் தசைநார்ப் பிசகு அறுந்துபோகும், எலும்புக் கீறல் முறிவாகும். "மாடு ஓடத் தகுதியில்லை" என்று தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். 18-இல் சொன்ன மாதிரி வலியைக் கவனித்து, மெலாக்சிகாமும் ஓய்வும் கொடுப்பது வேறு, ஓட்டத்துக்காக மறைப்பது வேறு. சந்தையில் விற்பதற்கு முன் நொண்டலை மறைக்கக் கேட்பவர்களுக்கும் இதே பதில்.

23. "மூணு நாள் பயிற்சி முடிச்சுட்டு ஊருக்குப் போனா எல்லாம் மறந்துடுது. கை எப்படிப் பழகுறது?"

வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் பயிற்சிக்குப் போகும்போது உங்கள் பத்து மயக்கத் தாள்களை எடுத்துப் போங்கள். எடை, மி.கி., நேரம், ஐந்து நிமிட நாடி, எழுந்த நேரம் எல்லாம் இருக்கும் தாள். விரிவுரையைவிட அந்தத் தாளை யாராவது புரட்டிக் கேள்வி கேட்பது அதிகம் கற்றுத்தரும். திரும்பி வந்ததும் ஒரே ஒரு புதிய ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்து இருபது விலங்குக்குப் போட்டு, எத்தனை பிடித்தது என்று எண்ணுங்கள்.

நரம்பு இடம் பழகுவதற்கு ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ கறிக்கடையில் தோலோடு ஒரு ஆட்டுத் தலை வாங்குங்கள். 8-இல் சொன்ன இரண்டு இடத்திலும் அரை மி.லி. நீல மசி செலுத்திவிட்டு, தோலை உரித்து நரம்பைத் தேடுங்கள். நரம்பு நீலத்தில் நனைந்திருந்தால் கை சரி. மசி அரை அங்குலம் தள்ளித் தசைக்குள் கிடந்தால், நீங்கள் இதுவரை போட்ட லிக்னோகைனும் அங்கேதான் கிடந்திருக்கும். அடுத்த பக்கத்தில் திரும்பப் போட்டுப் பாருங்கள்.